பன்னண்டு பேரும் நான்தான்

பேய், பிசாசு, காத்து கருப்பு இதெல்லாம் நம்புற ஆளு நான் இல்ல, மொதல்லயே சொல்லிடுறேன். ஜின் இருக்குன்னு மார்க்கத்துல இருக்கு, அத நான் மறுக்கல, ஆனா அது வேலவெட்டி இல்லாம நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வந்து உக்காரும்னு எவனாச்சும் சொன்னா, "போய் வைரஸ் செக் பண்ணுடா"ன்னு அனுப்பி வுடுறவன். சிதம்பரத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், இருவது வருஷமா கம்ப்யூட்டர்தான் எனக்குச் சோறு போடுது. எது நடந்தாலும் எங்கியாவது பதிவாயிருக்கும், தேடுனா கெடைக்கும், அதான் என் கட்சி. இது மட்டும் தேடித்தேடி ஓஞ்சிட்டேன். ராத்திரி பன்னண்டு மணி கதையும் இல்ல, பட்டப்பகல்ல நடந்தது. சிரிக்கிறதுன்னா முழுசா கேட்டுட்டுச் சிரிங்க.

கடையோட சேத்து நான் ஒரு ஃபோரம் நடத்திட்டிருந்தேன். ஃபோரம்னா ஒரு வெப்சைட்டு, ஒருத்தர் வந்து கேள்வி எழுதுவாரு, கீழ பத்து பேரு பதில் எழுதுவாங்க, அது வருஷக்கணக்கா அப்புடியே கெடக்கும், யாரு வேணா வந்து படிச்சிக்கலாம். எங்களுது வீட்லேருந்தே நெட்டுல சம்பாரிக்கிறவங்களுக்கு. பிளாக் எழுதி வெளம்பரம் போடுறது, அடுத்தவன் பொருள வித்துக்குடுத்து கமிஷன் வாங்குறது, இந்த மாதிரி. ஒரு காலத்துல விடியக்கால ஃபஜ்ரு தொழுதுட்டு வந்து தொறந்தா படிச்சி முடிக்க மணி ஒம்பது ஆயிடும், அவ்ளோ பேரு எழுதிருப்பாங்க, சண்டை வேற போட்டிருப்பாங்க. அப்புறம் எல்லாரும் வாட்சப் குரூப்புக்குப் போனாங்க, வீடியோவுக்குப் போனாங்க, கடைசில ஏஐ வந்துச்சி பாருங்க, கேள்வி கேக்கவே மனுசன் தேவையில்லன்னு ஆயிப்போச்சி. நாலு நாளு, அஞ்சு நாளு, ஒரு பதிவு கெடையாது. பன்னண்டு வருஷம் வளத்தது, வயிறு எரிஞ்சிது எனக்கு.

அதனால ஒரு தப்பு பண்ணேன். எங்க தொழில்ல எல்லாரும் பண்றதுதான், வெளிய சொல்லிக்க மாட்டாங்க. பொய் ஐடி. ஃபோரம் ஆரம்பிக்கிறப்ப ஆளு வரணும்னு நாமளே நாலு பேருல எழுதுவோம், நாமளே கேட்டு நாமளே பதில் சொல்லுவோம். நான் அத கடைசில பண்ணேன். பன்னண்டு ஐடி. யாருக்கு என்ன ஊரு, எத்தினி புள்ளைங்க, எப்புடிப் பேசுவாங்கன்னு கொழம்பாம இருக்க கம்ப்யூட்டர்லயே ஒரு ஷீட்டு போட்டு வச்சிருந்தேன். அதுல ஒருத்திதான் கலா. குமராட்சி, புருஷன் மஸ்கட்ல, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, சமையல் பிளாக் எழுதி முன்னுக்கு வந்தவ. குமராட்சிய பஸ்ஸுல தாண்டிப் போயிருக்கேனே தவிர அங்க எறங்குனது கூட இல்ல, பேரு வாயில வந்துச்சி, போட்டுட்டேன். கலா நல்லா எழுதுவா. நான் எழுதுறதுலயே அவதான் நல்லா எழுதுவா, என்னத்த சொல்ல.

அப்ப நெசமான மெம்பர்னு மிஞ்சுனது ஒரே ஒருத்தன். பெண்ணாடம் சுந்தர். சர்க்கரை மில்லுல லேபுல வேல, பெர்மனென்ட்டு. ஒருநாள் லிஸ்ட்ட எடுத்துப் பாக்குறேன், அந்த மாசம் எழுதுன பதிமூணு பேருல பன்னண்டு பேரு என் கடை கனெக்ஷன்லேருந்து, ஒருத்தன் மட்டும் பெண்ணாடத்துலேருந்து. பாவம், ஊரே கூடியிருக்குன்னு நெனச்சிக்கிட்டு அவன் தெனம் வந்து பேசிட்டுப் போயிருக்கான். அல்லா, வெக்கமா இருந்துச்சி எனக்கு. ஆனாலும் நிறுத்தல.

ஒரு வியாழக்கெழம அவன் எழுதிருக்கான், "திங்கக்கெழம வேலைய ரிசைன் பண்றேன், லெட்டர் அடிச்சாச்சி. கலா அக்காவே இவ்ளோ பண்ணும்போது நான் பண்ண மாட்டனா"ன்னு. அவன் பொண்டாட்டி செல்வி அப்ப அஞ்சு மாசம். அந்த மில்லு சம்பளத்த வுட்டா வேற ஒண்ணும் கெடையாது. உடனே போன் பண்ணி, "தம்பி, அவசரப்படாத, இப்ப மார்க்கெட்டு சரியில்ல"ங்குறேன், அவன், "பாய், இத்தினி பேரு சம்பாரிக்கிறாங்க, நான் வந்தா மட்டும் உங்களுக்கு ஏன் ஒறுத்துது?"ன்னு கேட்டுட்டான். அந்த இத்தினி பேரும் நான்தாண்டான்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சி, சத்தியமா வந்துச்சி, முழுங்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல.

கெட்டிக்காரத்தனமா ஒரு யோசனை பண்ணேன். கலா பேருலயே, "நான் மோசம் போயிட்டேன், எல்லாம் நஷ்டம், யாரும் வேலைய வுடாதீங்க"ன்னு எழுதிடலாம், நம்ம மானமும் போவாது, பையனும் பொழச்சிக்குவான். மறுநாள் ஜும்மா தொழுதுட்டு வந்து, ஷட்டர பாதி எறக்கி வச்சிட்டு, கலா ஐடில உள்ள போயி ரெண்டு வார்த்த அடிச்சிருப்பேன். போன் அடிக்குது. சுந்தர்.

"பாய், கலா அக்கா எங்க வீட்டுக்கு வந்திருக்காங்க பாய்!"

நம்புனா நம்புங்க, மொதல்ல எனக்கு பயமே வரல, கோவம்தான் வந்துச்சி, எவளோ பணத்த புடுங்க வந்திருக்கான்னு. "யாருடா அது, உன் வீடு அவுங்களுக்கு எப்புடித் தெரியும்?"னு கத்துறேன். அவன் சாதாரணமா, "நீங்கதான் சொல்லி அனுப்புனீங்களாமே பாய்"ங்குறான். அவன் வீடு எனக்கே தெரியாது. பெண்ணாடம்னு மட்டுந்தான் தெரியும். "அவுங்ககிட்ட போனைக் குடு"ன்னேன். போனு கை மாறுற சத்தம் கேக்குது, செல்வி என்னமோ சொல்லுது, அப்புறம் ஒரு பொம்பளக் கொரலு, கொஞ்சம் தள்ளி, ஓஞ்சு போன மாதிரி: "வேணாம்மா, அவருகிட்ட நான் பேச என்னா இருக்கு, அவருக்குத் தெரியும்." அவ்ளோதான். என் காதால கேட்டேன். எனக்கு முன்னாடி ஸ்கிரீன்ல நான் அடிச்ச ரெண்டு வார்த்த அப்புடியே நிக்குது. கடைய தொறந்து போட்டுட்டு ரோட்டுக்கு ஓடியாந்துட்டேன், நாலு மனுச மொகத்த பாத்தா போதும்னு இருந்துச்சி.

சனிக்கெழம மொத பஸ்ஸப் புடிச்சிப் பெண்ணாடம் போனேன், வீட்டுக்கு வழி அவன்கிட்டயே போன்ல கேட்டுக்கிட்டேன். மானமாவது ஒண்ணாவது, எல்லாத்தையும் கொட்டிட்டேன். அந்த ஷீட்ட பிரிண்டு எடுத்துட்டுப் போயிருந்தேன், அதையும் காமிச்சேன். சுந்தர் மொதல்ல சிரிச்சான். அப்புறம் மொகம் மாறிப்போச்சி.

"அப்ப நேத்து இந்த நாற்காலியில உக்காந்து மோர் குடிச்சிட்டுப் போனது யாரு பாய்?"

அவனுக்கு நான் சொன்னதுல பதினோரு பேரு பொய்யின்னு நம்ப முடிஞ்சிது, கலாவ மட்டும் முடியல. வந்தவ என்ன சொன்னான்னு செல்விதான் சொல்லுச்சி. "தம்பி, நான் எழுதுனத நம்பி வேலைய வுடாத. எழுதச் சொன்னாங்க, எழுதுனேன். எனக்கும் அலுத்துப் போச்சி"ன்னு சொல்லிருக்கா. அவ கண்ணு முன்னாடியே சுந்தர் அந்த லெட்டர கிழிச்சிப் போட்டிருக்கான். பேச்சோட பேச்சா, சின்னவளுக்கு வீசிங்கு, மழைக்காலத்துல பம்ப்பு இல்லாம முடியாதுன்னு செல்விகிட்ட சொல்லிருக்கா. அத நான் ஃபோரத்துல ஒருநாளும் எழுதல. ஷீட்டுல கலா வரிசையில கடைசிக் கட்டத்துல அடிச்சி வச்சிருந்தேன், எப்பவாச்சும் தேவப்படும்னு.

போறப்ப அவ அட்ரஸ் சொன்னாளாம், செல்வி காலண்டர் ஓரத்துல எழுதி வச்சிருந்துச்சி. அத பாத்து எழுதிக்கிட்டு மறுநாளே குமராட்சி போனேன், மினி பஸ்ஸுல. டீக்கடை, ரேஷன் கடை, ஒரு எடம் பாக்கி வுடல. மஸ்கட்ல புருஷன் இருக்குற கலாவும் இல்ல, அப்புடி ஒரு தெருவும் இல்லன்னுட்டாங்க. கம்ப்யூட்டர்ல பாத்தா கலா ஐடில என்னத் தவிர யாரும் உள்ள வந்ததா பதிவு இல்ல. அந்த வாரமே ஃபோரத்த மூடிட்டேன். மத்தவங்கள ஒரே மூச்சுல அழிச்சேன், கலா பேருகிட்ட மட்டும் கொஞ்ச நேரம் நின்னேன். மன்னிச்சிக்கன்னு வாய்வுட்டுச் சொல்லிட்டுதான் அழிச்சேன். பைத்தியம்னு நெனச்சிக்கங்க, பரவால்ல.

சுந்தர் என்கிட்ட ஆறேழு மாசம் பேசல. பொண்ணு பொறந்து, பேரு வைக்கிறதுக்குக் கூப்புட்டான், கோவமெல்லாம் தணிஞ்சி. போனேன், பிரியாணி இல்லாத விருந்தான்னு அவனே கிண்டல் பண்ணான், நல்லாத்தான் போச்சி. சாப்புட்டு எந்திரிக்கிறப்ப, "பாய், அக்கா கெடையாதுன்னீங்களே, வேலய காப்பாத்திக் குடுத்தவங்களாச்சேன்னு ஒரு சேல எடுத்து அந்த அட்ரஸுக்கு ரிஜிஸ்டர் பார்சல்ல அனுப்புனோம், போய்ச் சேந்துடுச்சி, கையெழுத்துப் போட்டு வாங்கிருக்காங்க பாருங்க"ன்னு, போஸ்ட் ஆபீஸ்லேருந்து திரும்பி வந்த ஒப்புகை அட்டைய எடுத்தாந்து கையில குடுத்தான்.

பேனாவால தமிழ்ல கலான்னு போட்டிருந்துச்சி. துணைக்கால கோட்டுக்குக் கீழ வரைக்கும் நீட்டி இழுத்து, முடியிற எடத்துல ஒரு புள்ளி. நான் அப்புடித்தான் எழுதுவேன், பள்ளிக்கூடத்துல அதுக்கு அடி கூட வாங்கிருக்கேன். பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சி, அது என் கையெழுத்து. சுந்தர்கிட்ட நல்லதுப்பான்னு திருப்பிக் குடுத்துட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க, நான் அவ பேரை கம்ப்யூட்டர்ல அடிச்சதோட சரி. ஒரு தடவ கூட, ஒரே ஒரு தடவ கூட, பேனாவால எழுதுனதே இல்ல.