நாத்தனாருக்குச் சாமி வந்த சாயங்காலம்

கோயிலுக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். அது பொய்யும் இல்லை. ஆவுடையார்கோவிலில் வேனை நிறுத்திச் சாமி கும்பிட்டோம். நேரமாகிறது என்று எங்கள் மகளிர் குழுத் தலைவி விரட்டியதால் பிரகாரத்தைப் பாதிதான் சுற்றினோம். திருநீற்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அறந்தாங்கி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனோம். மகளிர் தினத்துக்கு அங்கே ஆம்பளைப் பையன்கள் ஆடும் ஆட்டம். பெண்கள் மட்டும்தான் பார்க்கலாம். ஆடுகிறவர்கள் கீழே இறங்கி வந்து நம்மையும் இழுத்து ஆடுவார்களாம்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் பெண்கள் ஆடுவதை ஆம்பளைகள் வருசா வருசம் விடிய விடியப் பார்ப்பார்கள். அதற்குக் கலை நிகழ்ச்சி என்று பேர். இதற்கு என்ன பேர் வைப்பார்களோ என்று பயந்து நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குக் கூட்டம் என்றாலே கூச்சம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயரைக் கேட்டதற்கே அழுதவள். என்னை இழுத்துப் போனது என் நாத்தனார், வீட்டுக்காரருக்குத் தங்கை. குமரியாக இருந்தபோது கும்மியில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணத்தோடு அது நின்று போனது. இன்றைக்கும் மேளம் கேட்டால் அவளுடைய கால் பெருவிரல் மட்டும் தனியாகத் தாளம் போடும்.

மண்டபத்தில் நுழைந்ததும் அவள் முகம் செத்துவிட்டது. முன்வரிசையில் கறம்பக்குடி அம்மா உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்கு முன்னால் வந்து நாத்தனாரின் பேத்தியைப் பெண் பார்த்துவிட்டு, கார் கேட்டு, நாங்கள் மழுப்பியதும் பதிலே சொல்லாமல் இருக்கும் மாப்பிள்ளையின் தாயார்.

"அய்யய்யோ, இந்தம்மா எங்க இங்கிட்டு?"

"நம்ம வந்த மாதிரிதான் அவங்களும் வந்திருப்பாங்க."

"அவங்க மாப்பிள்ளை வீடு அத்தாச்சி, வரலாம். நாம பொண்ணு வீடு. கையக் கால ஆட்டுனோம்னு வைங்க, சம்பந்தம் அம்புட்டுதான்."

அதற்குள் அந்தம்மா எங்களைப் பார்த்துவிட்டார். "வாங்க, வாங்க. நான் வரவே மாட்டேன்னுதான் சொன்னேன். வம்பா இழுத்துட்டு வந்துட்டாளுக. கண்ணாடியக்கூட எடுத்துட்டு வரலைங்க" என்றார். கண்ணாடி இல்லாதவர் முன்வரிசையில்தானே உட்கார முடியும்?

"நாங்களும் கோயிலுக்குத்தாங்க வந்தோம்" என்று நாத்தனார் திருநீற்றை எடுத்துக் காட்டினாள்.

பையன்கள் வந்தார்கள். சட்டை போட்டிருந்தார்கள், பொத்தான்தான் போடவில்லை. கோடையில் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருப்பார்; யாரும் கை தட்டியதில்லை. பெண்கள் எல்லோரும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். எல்லாம் மெல்லிசு முந்தானை.

"சத்தம் பத்தலை! விசிலடிங்க!" என்று மைக்கில் ஒருவன் கத்தினான். எங்களுக்கு விசில் அடிக்க எங்கே தெரியும்? பின்னால் யாரோ குலவை போட்டாள். மண்டபமே சேர்ந்து குலவை போட்டது. பையன்கள் அதற்கு ஏற்ற மாதிரி உடுக்கையும் பம்பையும் அதிரும் பாட்டைப் போட்டார்கள். அவர்களுக்கு நம்ம ஊர் தெரியவில்லை.

ஒருத்தன் இறங்கி வந்து என் கையைப் பிடித்தான். "பாட்டி, வாங்க ஆடலாம்."

"மூட்டு வலிக்குதுப்பா" என்று நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இழுத்தான். நாற்காலியும் கூடவே வந்தது. என்னை விட்டுவிட்டு நாத்தனாரிடம் கையை நீட்டினான்.

அவள் கறம்பக்குடி அம்மாவைப் பார்த்தாள். அந்தம்மாவும் அவளைப் பார்த்தார். கீழே பெருவிரல் துடித்தது. திடீரென்று கொண்டை அவிழ்ந்தது. "ஏய்ய்!" என்றாள். சாமி வந்துவிட்டது.

என்ன ஆட்டம்! எங்கள் ஊர்க் காளிக்கு இந்தச் சினிமாக் குத்து எப்போது பழக்கமானது என்று தெரியவில்லை. அவன் போட்ட அடியை அப்படியே திருப்பிப் போட்டு, இடுப்பில் கைவைத்துக் கூடுதலாக ஒரு அடியும் போட்டது சாமி. பையன்கள் மூச்சு வாங்கி ஒதுங்கினார்கள். பாட்டு நின்றது. ஒவ்வொருவனாகப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து காலில் விழுந்தான். எல்லோர் இடுப்பிலிருந்தும் திருநீறு வெளியே வந்தது.

கண்ணாடி இல்லாத கறம்பக்குடி அம்மா எதிலும் இடிக்காமல் நேரே வந்து நின்றார்.

"தாயி, பதில் சொல்லாம இழுத்துட்டேன்னு கோவமா?"

"கோவமில்லாம? வந்து காப்பி குடிச்சுட்டுப் போனியே, வாயத் தொறந்தியாடி? வைகாசியில முடி!"

"முடிச்சுர்றேன் தாயி."

"காரு?"

அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். சாமி ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடியும் நின்றது.

"வேணாம் தாயி. பையன்ட்ட பைக்கு இருக்கு."

சாமி மலையேறியது. சோடா வாங்கிக் கொடுத்து, அவளை வேனில் என் மடியில் படுக்க வைத்தார்கள். வழியெல்லாம் ஒருத்தியும் சத்தமாகப் பேசவில்லை. மீமிசல் பக்கம் வந்ததும் நாத்தனார் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"அத்தாச்சி, கடைசிச் சுத்துல கால் இடறிருச்சு. யாரும் பாக்கலைல்ல?"

"பாக்கலை ஆத்தா. பேசாமப் படு" என்று தலைமுடியை ஒதுக்கிவிட்டேன்.