நூலுக்குக் கூப்பன் கிடையாது

செல்லையா அத்தான் போய்விட்டார். காலையில் குலசேகரத்திலிருந்து ஃபோன்... இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன்.

என் அக்கா பொன்னம்மாவின் கணவர். அக்கா ஃபேஸ்புக்கில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

திருவிதாங்கூர் காசான சக்கரம் செல்லாமல் போய், ரூபாயும் அணாவும் எங்கள் ஊருக்குப் பழகிக்கொண்டிருந்த வருஷங்கள். நான் ஹைஸ்கூல். அத்தான் அப்போது கடைவீதி ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன்.

துணி எடுத்தால் பில்லோடு ஒரு கூப்பன் தருவார்கள். அசல் ரூபாய் நோட்டு மாதிரியே இருக்கும். ராஜா தலை இருக்க வேண்டிய இடத்தில் கடை முதலாளி, மீசையோடு.

ஒரு கட்டு சேர்த்துக் கொடுத்தால் வளைந்த பிடி வைத்த குடை ஒன்று ஃப்ரீ. மழைக்கு வாழையிலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனவள் நான். கடை வாசலில் அந்தக் குடை தொங்குவதைப் பார்க்காமல் போன நாள் இல்லை.

நூல் வாங்க என்னை அனுப்புவார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

"நூலுக்கு கூப்பன் கிடையாது மக்கா" என்பார் அத்தான். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்புக்காகவே, இருக்கிற நூலைத் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

ஒருநாள் அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டால்... ஒரு நோட்டுக்கட்டு. அப்பா ஒளித்துவைத்த பணம் என்று நினைத்து, ஒன்றை உருவி மீன்காரியிடம் நீட்டிவிட்டாள்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது ஜவுளிக்கட மொதலாளில்லா. இவரு எப்பம் ராசா ஆனாரு?"

ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த அப்பா கட்டைப் பார்த்தார். அது யாருடையது என்று அக்காவின் முகமே சொல்லிவிட்டது.

"ஏட்டி, நாம துணி எடுக்கது ஓணத்துக்கும் தீவாளிக்கும். இம்புட்டு கூப்பன் ஒனக்கு எங்கேருந்து கிட்டிச்சு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "நூலு வாங்குனப்பம் தந்தாவ..."

நூலுக்கு. அப்பாவுக்கு அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கும்தான்.

கல்யாணம் முடிந்து மறுவீடு வந்த அன்று நல்ல மழை. கூப்பனுக்குக் கிடைத்த அந்தக் குடைக்குள் அவர்கள் இரண்டு பேரும், பின்னால் வாழையிலையோடு நானும்.

"நனையாத மக்கா, நீயும் வா" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. நல்ல மனிதர், கேட்காமலே குடை வாங்கித் தந்தார். ஆனாலும் அக்காவின் குடைமேல் இருந்த பொறாமை போகவே இல்லை.

இன்றைக்கும் பாருங்கள்... அக்கா அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நான் மற்ற சொந்தக்காரர்களோடு வரிசையில் வந்து, பூவைப் போட்டுவிட்டு நகர வேண்டியிருந்தது. அதற்கும் பொறாமையாகத்தான் இருந்தது.

போய்வாருங்கள் அத்தான்.

எனக்கும் நூலுக்கு ஒன்று தந்திருக்கலாம்.