திரும்பிப் போகிற சாமி

பின்னேரம் நாலு மணி பத்து. வெருகல் முருகன் கோயிலின் வெளிவீதியில், மருதமரத்தின் கீழே மகளை இருத்திவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் அங்கே இல்லை. அவளுடைய தடியும் இல்லை. மரத்தடியில் வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்று கிடந்தது. பக்கத்தில் சாமிமாரின் மூட்டைகளோடு நின்ற லாண்ட்மாஸ்டர் உழவு மெசினும் போயிருந்தது. ஆனால் அது அப்போது என் புத்தியில் படவில்லை.

வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற கூட்டத்தோடு திருகோணமலையில் நாங்கள் சேர்ந்தோம். வெருகல் வரைக்கும்தான் எங்களுடைய நடை. மகளுக்கு இருபத்துமூன்று வயது. பள்ளிக்கூட நாளிலிருந்து வலிப்பு இருந்தது. இரண்டு வருடமாக ஒருமுறையும் வரவில்லை. அந்த நேர்த்திக்கடனுக்காகத்தான் நடந்தோம். இன்னொரு காரணமும் இருந்தது. மட்டக்களப்பில் அவளுக்கு ஒரு பயிற்சி வேலை கிடைத்திருந்தது. அங்கே அறை எடுத்துத் தங்கவேண்டும். நான் "பாப்பம்" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். அவள் தனியே ஒரு பஸ்ஸில் ஏறியதைக்கூட நான் கண்டதில்லை.

போகிற வழியைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. அது முருகனின் வேலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறவரின் பாடு. திரும்பி வருகிற வழிதான் என் பாடு. மட்டக்களப்பு பஸ்கள் வெருகலைக் கடக்கும் நேரமெல்லாம் எனக்குப் பாடம். அதை நம்பாமல் கிண்ணியாவிலிருந்து தெரிந்த ஒருவரின் வானையும் நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். அவளுடைய போன், காசு, வலிப்புக்கு ஏழு மணிக்குப் போடவேண்டிய குளிசை எல்லாம் என் தோள்பையில் இருந்தன. தொலைந்துவிடக் கூடாது என்றுதான்.

அன்று மத்தியானம் கோயிலுக்குள் அவள் சீலைத் தலைப்பில் இருந்த காணிக்கை முடிச்சை அவிழ்த்தாள். தாய் முடிந்துவிட்ட மஞ்சள் துணி. காசை உண்டியலில் போட்டுவிட்டுத் துணியை மறுபடி இறுக்கி முடிந்துகொண்டாள். வெறும் துணியை ஏன் முடிகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளுடைய உள்ளங்கால்கள் இரண்டும் கொப்புளம். "நீ இதில இரு, நான் வானைப் பாத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லி, மூன்று மணிக்கே தெருவுக்குப் போய்விட்டேன். வான் சொன்ன நேரத்துக்கு வந்தது. மகள்தான் இல்லை.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருவரும் திரும்பவில்லை. நடைக்கு வந்தால் எல்லாரும் சாமிதான், வீட்டுப் பெயரை அங்கே யாரும் கேட்பதில்லை. அன்னதான மடத்தில் கிடாரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களிடம் ஓடினேன்.

"மஞ்சள் சீலை கட்டின ஒரு பிள்ளை. கையில தடி. கண்டனீங்களோ?"

"சாமி, இஞ்ச ஆர் மஞ்சள் கட்டேல்ல?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

ஆற்றங்கரைக்குப் போனேன். குளித்துக்கொண்டிருந்தவர்களில் அவள் இல்லை. கரையோரமாக நடந்து தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தேன். குளிக்கும்போது வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று எந்தத் தகப்பனுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருகோணமலை அன்புவழிபுரத்தில் வீட்டில் இருந்த மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளையைக் காணேல்ல."

"இஞ்சேருங்கோ, காணாமப் போக அவ என்ன குடையே? வடிவாத் தேடுங்கோ."

"தேடிட்டன். எல்லா இடமும் தேடிட்டன். குளிசை என்னட்ட இருக்கு!"

"குளிசையைப் பற்றி யோசிக்காதேங்கோ. முதல்ல மூச்சு விடுங்கோ."

நான் போனை வைக்கவில்லை. அவளையும் வைக்கவிடவில்லை. காதில் போனோடு கோயிலைச் சுற்றினேன், கடைகளைச் சுற்றினேன். இடையில் யாரோ தெரியாத நம்பரிலிருந்து எடுத்தபடி இருந்தார்கள். அதைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு மனைவியோடு கதைத்தேன்.

வான்காரர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்த முஸ்லிம் மனிதர். நான் அவரை 'நானா' என்பேன், மரியாதைக்கு அவர் என்னை 'அண்ணன்' என்பார். அவர் என்னைப் போல ஓடவில்லை. தேத்தண்ணீர்க் கடையில் இருந்து ஒரு பிளேன்ரீ குடித்தபடி நாலு பேரிடம் கதை கொடுத்துவிட்டு வந்தார்.

"அண்ணன், கால் ஏலாத சாமிமாரையெல்லாம் மூட்டை ஏத்துற லாண்ட்மாஸ்டர்ல ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க. கதிரவெளிக்கு. ஒரு புள்ள வேணாம் வேணாம்னு கை காட்டிச்சாம்."

"அது அவதான். வேண்டாம் எண்ட பிள்ளையை ஏன் ஏத்தினவங்கள்?"

"அத அங்க போய்க் கேப்பம். ஏறுங்க."

வெருகல் பாலத்தைத் தாண்டி வான் பறந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று, தெருவெல்லாம் புழுதி. எதிரே ஒரு சிவப்பு பஸ் வந்தது. புழுதி உள்ளே வராமல் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். பஸ்ஸை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கதிரவெளியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் சாமிமார் படுத்திருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் வந்த பருத்த அம்மா ஒருவர் கால்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"ஐயோ சாமி, பிள்ளை இப்பதானே போகுது! திருகோணமலை பஸ்சில ஏறிட்டுது."

"ஆர் அவளை இஞ்ச ஏத்திக்கொண்டு வந்தது?"

"நாங்கள்தான். திரும்பிப் போறன் எண்டு பிள்ளை சொன்னதுதான். நாங்கள் நம்பேல்ல. வெருகலுக்கு வந்து கால் வெடிச்ச உடன எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது. நானும் முதல் வருசம் சொன்னனான். அப்ப என்னையும் இப்பிடித்தான் தூக்கி ஏத்தினவை. நடந்து வாற சாமி திரும்பிப் போறன் எண்டால் அதைக் காதில எடுக்கிறதோ? ரெண்டு பேராப் பிடிச்சு மூட்டையில இருத்தி அரோகரா சொன்னனாங்கள்."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அந்த அம்மாவின் கையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அவர் செய்தது என் பிள்ளைக்கு நல்லது என்றுதான் செய்தார்.

"ஒரு போன் எடுத்திருக்கலாமே?"

"எடுத்ததே! என்ர போனால உங்களுக்கு எத்தினை தரம் எடுத்தது. எங்கேஜ். தாய்க்கு எடுத்தால் அதுவும் எங்கேஜ். புருசனும் பெண்சாதியும் அப்பிடி என்ன கதைச்சனீங்கள்?"

வான்காரர் மறுபக்கம் திரும்பிச் சிரித்தார். நான் போனை எடுத்துப் பார்த்தேன். தட்டிவிட்ட அழைப்புகள் எல்லாம் ஒரே நம்பர்.

"பிறகு பிள்ளை, அப்பா இனிக் கோயிலைத்தான் சுத்துவார், நான் பஸ்சைப் பிடிக்கிறன் எண்டு சொல்லிட்டு, தெருவில நடுவில நிண்டு தடியால மறிச்சுது" என்றார் அந்த அம்மா. "வடிவான மறிப்பு."

மனைவிக்குச் செய்தி சொன்னேன். அவள் ஒரு கட்டளை போட்டாள். "இனி நீங்கள் எனக்கு எடுக்கிறேல்ல, நான் உங்களுக்கு எடுக்கிறேல்ல. பிள்ளைக்கு லைன் விடுங்கோ. நான் பிட்டு அவிக்கப் போறன்."

பிட்டு அவிக்கப் போகிறாளாம். பஸ்ஸில் மகளுக்கு ஏதும் வந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? சரித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது, தண்ணீர் பருக்கக் கூடாது. பதினைந்து வருடமாக நான் எல்லாருக்கும் இதைத்தான் சொல்லித் திரிந்தேன். அந்த பஸ்ஸில் சொல்ல ஆள் இல்லை. ஏழு மணிக்குக் குளிசையும் இல்லை.

பஸ்ஸைப் பிடிக்க வானைத் திருப்பினோம். ஈச்சிலம்பற்று, கிளிவெட்டி என்று ஊர்கள் பின்னால் போயின. நாங்கள் நாள்கணக்கில் நடந்து கடந்த வயல்கள். அவள் மோர் வாங்கிக் குடித்த பந்தல்கூட இன்னும் பிரிக்கப்படாமல் நின்றது. பஸ்ஸைக் காணவில்லை.

"அது மூதூர் டவுனுக்குள்ள போய்த்தான் வரும். நாம முந்திட்டம்" என்றார் வான்காரர்.

கிண்ணியாவில் பொழுது சாய்ந்தது. மஃரிப் பாங்கு கேட்டதும் பள்ளிவாசலடியில் வானை நிறுத்தினார். என் அவசரத்தை என் முகம் சொல்லியிருக்கவேண்டும்.

"அஞ்சு நிமிசம் அண்ணன். ஒங்கட மகளுக்கும் சேத்துக் கேக்கிறன். அவ போற எடம் தெரிஞ்ச புள்ள. நீங்கதான் வழி தவறி நிக்கிறீங்க."

தெருவைப் பார்த்தபடி நான் வானுக்குள் இருந்தேன். ஆட்டோக்கள் போயின, மீன்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிள்கள் போயின. கையில் குளிசை அட்டையை வைத்திருந்திருக்கிறேன். அவர் தொழுதுவிட்டு வந்தபோது அது வேர்வையில் நனைந்திருந்தது.

திருகோணமலை பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது ஏழு மணி கடந்துவிட்டது. துறைமுகப் பக்கம் கப்பல்களின் வெளிச்சம் தெரிந்தது. நகரத் தெருக்களில் திரியும் மான்களில் இரண்டு குப்பைத்தொட்டியடியில் வாழையிலையை இழுத்துக்கொண்டு நின்றன. வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முன்னால் போய் நின்றேன். ஒரு சாரதி கையை விரித்து, "ஐயா, சாகப்போறீங்களோ?" என்று கேட்டார்.

கடைசியில் மட்டக்களப்பிலிருந்து வரும் பஸ் வந்தது. சந்தைக்கூடைகளோடு பெண்கள் இறங்கினார்கள். ஒரு குடும்பம் இறங்கியது. அதற்குப் பின் ஒருவரும் இல்லை. பஸ்ஸின் உள்ளே விளக்கு மங்கலாக எரிந்தது.

முதலில் தடி வெளியே வந்தது. நுனியில் மயிலிறகு. அதற்குப் பின்னால் கொண்டக்டரின் குரல்: "சாமி, பாத்து. படி உயரம்."

மகள் இறங்கினாள். நெற்றியில் திருநீறு அழியாமல் இருந்தது. கொப்புளக் காலை ஊன்றி நிமிர்ந்து நின்று, "காசு எடுக்கேல்லையே அண்ணை?" என்று கேட்டாள்.

"சாமியிட்ட ஆரும் காசு வாங்குறதோ? அடுத்த முறை கதிர்காமம் வரைக்கும் போங்கோ, அது போதும்."

நான் ஓடினேன். ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், மறு கையில் குளிசை.

"போட்டிட்டன் அப்பா" என்றாள். சீலைத் தலைப்பைத் தூக்கிக் காட்டினாள். மஞ்சள் முடிச்சு அவிழ்ந்திருந்தது. "அம்மா காசோட ரெண்டு குளிசையும் வைச்சுத்தான் முடிஞ்சவ. பக்கத்தில இருந்த அன்ரியிட்ட நேரம் கேட்டுச் சரியாப் போட்டனான். அவவுக்கு என்ன செய்யோணும் எண்டும் சொல்லி வைச்சனான். சரிச்சுப் படுக்க வைக்கோணும், வாயில ஒண்டும் வைக்கக் கூடாது, எல்லாம்."

நான் மனைவிக்கு எடுத்தேன். மணி ஒரு தடவை முழுதாக அடிக்கவில்லை. "வந்திட்டா" என்று சொன்னேன். பிட்டு அவிக்கப் போனவள் மறுமுனையில் விக்கி விக்கி அழுதாள்.

வான்காரர் கதவைத் திறந்துவிட்டு, "இப்ப சரியா அண்ணன்?" என்றார். நான் தலையாட்டினேன். வாய் திறந்தால் நானும் அழுதிருப்பேன். ஆனால் எனக்குள்ளே ஏதோ ஒன்று எழும்பி நின்று அரோகரா சொல்லிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்தில் நின்ற அத்தனை பேரையும் கூப்பிட்டு, இவள் தனியே வந்தாள், கதிரவெளியிலிருந்து தனியே வந்தாள் என்று சொல்லவேண்டும் போல இருந்தது.

"பஸ் வீட்டடியாலதானே வந்தது. அன்புவழிபுரத்தில இறங்கியிருக்கலாமே பிள்ளை?"

"நீங்கள் ஸ்டாண்டிலதான் நிப்பீங்கள் எண்டு தெரியும். நான் வீட்ட போயிருந்தால் நீங்கள் விடியும்வரைக்கும் இதிலதான் நிப்பீங்கள்."

வானில் ஏறி, கால்களைத் தூக்கி சீற்றின்மேல் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"மட்டக்களப்பு பஸ் நல்ல பஸ், அப்பா. வெள்ளிக்கிழமை வேலை முடிய ஏறினால், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்ட நிப்பன்."