சுவரில் அவர் பதித்த கண்ணாடி

அவர் ஆபீஸ் போர்டில் ஆர்க்கிடெக்ட் என்றிருக்கும். கள்ளக்குறிச்சியில் எல்லோருக்கும் அவர் இன்ஜினியர்தான். அவர் செத்த அன்று கச்சிராயபாளையம் ரோட்டில் பாதிக் கடை சாத்தியிருந்தது. அவர் பிளான் போட்ட வீடு ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை என்று சாவு வீட்டுப் பந்தலில் பேசிக்கொண்டார்கள். விரிசல் விட்ட ஒரே வீடு என்னுடையது.

என் மனையில் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், அப்பா காலத்துக் கிணறு ஒன்று இருந்தது. அங்கே கிணறிருந்தால் குடும்பம் விளங்காது என்பார்கள். வெளியே தெரிந்தால் என் மகனுக்கு எவன் பெண் கொடுப்பான்? குப்பையும் மண்ணும் கொட்டித் தூர்த்துவிட்டுத்தான் இன்ஜினியரையே கூப்பிட்டேன்.

"இங்க முன்ன கெணறு, குழி எதுனா இருந்துச்சுங்களா?" அஸ்திவாரத்துக்கு முன்னால் எல்லோரிடமும் அவர் கேட்கிற கேள்வி.

"அய்யய்ய, ஒண்ணும் கெடையாது சார்."

ஊரில் பூசணிக்காயைத்தான் சோற்றில் மறைப்பார்கள். நான் கிணற்றையே வீட்டுக்கடியில் மறைத்தேன்.

மகனுக்குக் கல்யாணமாகி, பேரன் பிறந்த வருஷம் அந்த மூலை ரூமின் சுவர் வாய் பிளந்தது. வந்து பார்த்த இன்ஜினியர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். மருமகள் காப்பி டம்ளரோடு பக்கத்தில் நின்றாள். மறுபடி இல்லையென்றேன்.

"அப்ப எங் கணக்குலதாங்க தப்பு" என்றார். உடம்பு கூசிப்போயிற்று. அப்போதும் சொல்லவில்லையே, பாவி!

வெளிப்பக்கம் விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டொன்றைச் சிமென்ட் வைத்துப் பதித்தார். "செவுரு நவுந்தா இது ஒடையும். ஒடைஞ்சா அந்த ரூம்ல யாரும் இருக்கக் கூடாதுங்க." மாதா மாதம் ஸ்கூட்டரில் வந்து அதைத் தடவிப் பார்ப்பார். காப்பி கொடுத்தால் வேண்டாமென்று போய்விடுவார்.

மாலை போட்டுத் திரும்பியபோது அவர் சம்சாரம் என்னை அடையாளம் கண்டுகொண்டது. "ஒங்க வூட்டு செவுத்தப் பத்தியே பொலம்பிக்கினு இருந்தாருங்க. எங்க தப்பு பண்ணேன்னே தெரியலியேன்னு..."

பஸ்ஸில் வரும்போது கல்வராயன் மலை தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது. வீட்டுக்குள் நுழையாமல், தலை முழுகப் பின்பக்கம் போனேன். ரெண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே சுவரில் கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. ஜன்னலுக்கு உள்ளே, அதே ரூமில் மருமகள் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஈர வேட்டியோடு உள்ளே ஓடினேன். "கொழந்தையத் தூக்கினு வெளிய போம்மா!"

"சாவு வூட்டுத் தீட்டோட உள்ள வர்றியே, இன்னாப்பா ஆச்சு?" என்று மகன் எழுந்து வந்தான்.

"கீழ கெணறு இருக்குடா."

அவன் சுவரைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். மருமகள் பிள்ளையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்ஜினியர் சாருக்குத் தெரியுமா?" என்றான் மகன்.

தெரியாது என்றேன். மழை பிடித்துக்கொண்டது.