ஏழாம் வளைவுக்கு வந்தவர்கள்

1974 ஜூன் 15, சனிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். தூறல். ஹந்தானை மலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கியிருந்ததால் சந்தைச் சுவரின் மறுமுனை தெரியவில்லை. நேரத்தை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். திரும்பியபோது ஒரு சிவப்புப் பசு அக்காவின் சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

அவசரமே இல்லாமல் தின்றது. கீழ் மூலையை நாக்கால் கிளப்பி, பல்லால் பிடித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து இழுத்தது. தாள் அப்படியே உரிந்து வந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த நாலும் ஏற்கெனவே போய்விட்டன. அவை இருந்த இடத்தில் ஈரமான சதுரங்கள் மட்டும் இருந்தன.

அப்போது எனக்குப் பத்து வயதும் நாலு மாதமும். அடுத்த சனிக்கிழமைக் கச்சேரி ஒன்றுக்காக முதல் நாள் பின்னேரம் அக்காவும் நானும் ஒட்டியவை எண்பது. பஸ் நிலையம், ரயில் நிலைய வீதி, ஆஸ்பத்திரிச் சந்தி என்று எல்லா இடமும் ஓடிப் பார்த்தேன். முப்பத்து மூன்று மிஞ்சியிருந்தன. இன்னும் ஒன்பது பாதி கிழிந்து தொங்கின. அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பாதியை ஒன்று என்று எண்ணுகிறவர்களை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

அக்காவுக்கு இருபத்தொரு வயது. கலியாண அட்டையும் தேயிலை உறையும் அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்து வரைகிற வேலை. அவளுக்குப் பைத்தியம் இரண்டு. ஒன்று, தரைக்கு விரிக்கிற லினோலியத் துண்டில் படத்தையும் எழுத்தையும் வெட்டி, மை உருட்டித் தாளில் அச்சடிப்பது. மற்றது, மூன்று இளைஞர்கள் சேர்ந்து நடத்திய ஒரு வாத்தியக் குழு. கண்டியில் அப்போது எந்தக் குழுவும் சினிமாப் பாட்டையோ வானொலியில் கேட்ட பாட்டையோதான் வாசிக்கும். இவர்கள் மட்டும் தாங்களே பாட்டுக் கட்டி, தமிழிலும் சிங்களத்திலும் பாடினார்கள். கிற்றார் வாசித்தவன் ரயில் நிலையச் சாமான் அறையில் வேலை. மேளம் அடித்தவர் கம்பளையில் இரும்புக் கடைக்காரரின் மகன். பாடியவன் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பையன். மலைப்பாதையில் அவன் வீடு இருந்த இடத்தை வைத்துக் குழுவுக்கு ‘ஏழாம் வளைவு’ என்று பெயர். அது நான் அறிய நாலாவது பெயர். ஒவ்வொரு பெயருக்கும் அக்கா புதிதாகத் தலைப்பு வெட்டியிருந்தாள்.

இந்தப் பெயர்தான் அவளுக்குப் பிடித்தது. ‘ழா’வின் வாலை இழுத்துக் கீழே கொண்டுவந்து, அதையே மலைப்பாதையாக்கி, ஏழு வளைவு வளைத்து, கடைசி வளைவைக் கிற்றார்க் கம்பியில் கொண்டுபோய் முடித்திருந்தாள். கறுப்பும் மஞ்சளும், வேறு நிறம் இல்லை. அந்த மஞ்சளுக்காக மூன்று பின்னேரம் மை கலக்கினாள். சாப்பிடக் கூப்பிட்டால், “இன்னும் வரேல்லை” என்பாள். நிறத்தைத்தான் சொல்கிறாள் என்று விளங்க எங்களுக்குச் சற்று நேரம் எடுக்கும்.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினான்கு வருஷமாகக் கண்டியில் அரசாங்க அலுவலக இலிகிதர். அவருடைய தமக்கை, எங்கள் பெரிய மாமி, ஊரில் அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தா. வேலையை விட்டுவிட்டு மாதக் கடைசியில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. தமக்கை சொன்ன எதற்கும் அப்பா அதுவரை மறுப்புச் சொன்னதில்லை. அக்கா ‘மாட்டேன்’ என்றாள். வீட்டில் மூன்று நாள் யாரும் யாரோடும் கதைக்கவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டு மேசையில் அப்பாவே வாயைத் திறந்தார்.

“உங்கட கச்சேரிக்கு இருநூறு பேர் காசு குடுத்து வரட்டும். வந்தால், நான் பெரிய மாமிக்கு வேற மாதிரிக் கடிதம் எழுதுறன். ஒண்டு குறைஞ்சாலும் நீ ரயில் ஏறவேணும்.”

“ஆர் எண்ணுறது?” என்றாள் அக்கா.

“இவன். இவன் பொய் எண்ணமாட்டான்.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. அன்றிரவு நான் இரண்டு றொட்டி கூடச் சாப்பிட்டேன்.

ஆகவே அந்தச் சிவப்புப் பசு தின்றது வெறும் தாளை அல்ல. நான் வீட்டுக்கு ஓடிவந்து, மூச்சு வாங்க, எண்பது, நாற்பத்தேழு, முப்பத்து மூன்று என்று சொன்னேன். அக்கா அழவில்லை.

“எந்த மூலையில இருந்து தின்னத் தொடங்கினது?”

“கீழ் மூலை. இடது பக்கம்.”

“அங்கதான் பசை கூடிப்போச்சு” என்றாள்.

குற்றம் பசையில்தான். கோதுமை மாவைக் காய்ச்சித்தான் பசை செய்வார்கள். கொஞ்சம் துருசு, அதாவது கடைகளில் விற்கும் அந்த நீலக் கல்லைப் பொடிசெய்து, அதில் கலந்துவிட்டால் கசப்பில் மாடு கிட்ட வராது. அச்சகத்தில் நோட்டீஸ் ஒட்டுகிறவர் இதை இரண்டு முறை சொல்லியிருந்தார். அக்கா கேட்கவில்லை. துருசு போட்டால் நீலம் ஊறி மஞ்சள் செத்துப்போகும் என்றாள். அதுவும் எந்தக் காலம்? மா அளந்து கிடைத்த காலம். பாணுக்கு விடிய முன்னம் பேக்கரி வாசலில் வரிசையில் நிற்போம். அம்மா மாப் பேணியைத் திறந்து பார்த்துவிட்டு, “உங்கட பாட்டு எங்கட ஒரு கிழமை றொட்டியையும் திண்டிட்டுது” என்றா.

மத்தியானம் குழுவினர் மூவரும் செய்தி கேட்டு வந்தார்கள். மேளக்காரர் கதிரையில் உட்கார்ந்ததும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். “தங்கச்சி, மனிசர் பாக்க முந்தி மாடு பாத்திட்டுப் பெய்த்தே! டிக்கட் காச யாருகிட்டக் கேக்குற?”

பாடகன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பந்தயம் தெரியும். “அக்கா, நான் லயத்துல வீடு வீடா போய் சொல்லிர்றேன். ஆளுக்கு ஒரு ரூபா ஏலுமான்னுதான் தெரியல” என்றான்.

“நீ சொல்லு. நான் ஒட்டுறன். இன்னும் ஏழு நாள் கிடக்கு” என்றாள் அக்கா. எழுந்துபோய் மை உருளையைக் கழுவத் தொடங்கினாள்.

அச்சகத்தில் பழுதாகிப்போன தேயிலை உறைத் தாள்களைக் கேட்டு வாங்கி, அவற்றின் பின்புறத்தில் அறுபது அடித்தாள். கோதுமை மா இல்லை. மரவள்ளிக் கிழங்கைச் சீவி, பிழிந்து, அந்த மாவில் பசை காய்ச்சினாள். இந்த முறை துருசு போட்டாள். தேக்கரண்டியால் நான்தான் அளந்தேன், ஒரு பேணிக்கு ஒன்றரை. புதன்கிழமை ஒட்டி முடித்தபோது அவள் பயந்தது நடந்தது. மெல்லிய தாளில் நீலம் ஊறி, மஞ்சள் முழுவதும் பச்சையாகிவிட்டது. வீதியின் மறுபக்கம் போய் நின்று, மழையில் நனைந்தபடி, நெடுநேரம் பார்த்தாள். நான் ஏச்சு விழும் என்று காத்திருந்தேன்.

“தம்பி, இதுதான் சரி” என்றாள். “அந்த மலை இந்த நிறம்தான். நான்தான் பிழையா மஞ்சள் எண்டு நினைச்சிருக்கிறன்.”

அடுத்த நாள் அதே சிவப்புப் பசு ஒன்றை நக்கிப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. பிறகு போய்விட்டது.

22ஆம் திகதி சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்குக் கச்சேரி. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கே மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்தில் கதிரைகள் இருநூற்று நாற்பது, அவற்றில் பதினேழு ஆடுபவை. தென்னை ஈர்க்கை ஒடித்து இருநூறு துண்டு செய்து வலது பையில் வைத்திருந்தேன். டிக்கட்டோடு ஒருவர் உள்ளே போனால் ஒரு துண்டு இடது பைக்குப் போகும். நாலு மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு. லயத்திலிருந்து முப்பத்தொரு பேர் சாக்குகளைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கலகெதரவிலிருந்து பஸ்ஸில் வந்த பதினொரு பேர், சுவரிலிருந்து உரித்த ஒரு பச்சைச் சுவரொட்டியை வழி கேட்பதற்காகக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அதை மடிக்காமல் சுருட்டி, சேலைத் தலைப்புக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தா ஒரு அம்மா. இடையிடையே ஒன்றிரண்டாக வந்தவர்கள் நாற்பத்திரண்டு. ஐந்து மணி இருபத்தைந்துக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றேழு, நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

அதன் பிறகு யாரும் வரவில்லை. வலது பையில் இரண்டு துண்டுகள் இருந்தன. அவற்றை விரலால் தடவிக்கொண்டே நின்றேன்.

என்னை நான் எண்ணவில்லை. அது அப்பாவிடம் கற்றது. யாழ்ப்பாணம் போகும்போது ரயிலில் ஏறியதும் அப்பா தலை எண்ணுவார். “ஒண்டு, ரெண்டு, மூண்டு.” அம்மா, அக்கா, நான். தன்னை எண்ணமாட்டார். எண்ணுபவர் எண்ணிக்கையில் வரமாட்டார் என்பது எனக்கு அவ்வளவு உறுதியான சட்டம்.

அப்பா வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஆனால் நாலு மணி நாற்பதிலிருந்து மூன்றாவது ஜன்னலுக்கு வெளியே, குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒழுங்காக எண்ணுகிறேனா என்று பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து, இன்னும் நிமிர்ந்து நின்றேன். ஒரு காலால் தேங்கிய தண்ணீரைத் தட்டிக்கொண்டே இருந்தார். குளிருக்கு என்று நினைத்தேன்.

முடிந்து சனம் கலைந்ததும் அக்கா மேடைப் பக்கமிருந்து ஓடிவந்தாள். நான் தொகையைச் சொன்னேன். முதலில் அவள் சிரித்தாள். “நூற்றித் தொண்ணூற்றெட்டுப் பேரோ! இந்த மழைக்குள்ளேயோ!” என்றாள். பிறகுதான் இருநூறு அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு அப்படியே முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

அப்பா வாசலுக்கு வந்தார். குடையைச் சுருக்கவில்லை.

“சரியா எண்ணினியோ?”

“ஓம்.”

“வெளியில நிண்டவை?”

“டிக்கட் எடுக்காதவையை எண்ணக் கூடாது.”

அப்பா சட்டைப் பைக்குள் கைவிட்டு, ஈரமான ஒரு இரண்டு ரூபாய் நோட்டை எடுத்தார். “அப்ப இப்ப ரெண்டு டிக்கட் தா.”

“ஆருக்கு?”

“எனக்கொண்டு. உனக்கொண்டு.”

என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். பொய் எண்ணமாட்டான் என்று சொன்னவர் அல்லவா? எனக்கு ரோசம் வந்துவிட்டது. “கச்சேரி முடிஞ்சுது, அப்பா. முடிஞ்ச பிறகு டிக்கட் விக்கக் கூடாது. நான் எண்ணுறவன், எனக்கு டிக்கட்டும் இல்லை” என்றேன். இரண்டு ஈர்க்குத் துண்டுகளையும் எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

அப்பா நோட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். “நல்லது. நீ சரியாத்தான் எண்ணுறாய்” என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீடுவரை முன்னால் நடந்தேன்.

மாதக் கடைசியில் அக்கா ரயில் ஏறினாள். கலியாணம் நடந்தது, நல்ல மனிதர்தான். பிறகு கனடா. அங்கே நாற்பது வருஷம் ஒரு கடையில் காசுப் பெட்டிக்கு முன்னால் நின்றாள். லினோலியத்தை அவள் திரும்பத் தொடவில்லை. என்னை ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

இப்போது என் மகளின் மகளுக்கு அந்தப் பைத்தியம் வந்திருக்கிறது. பகலெல்லாம் கம்பனிகளுக்குக் கணினியில் வடிவமைக்கிறாள். சனி, ஞாயிறில் சொந்தமாகப் பாட்டுக் கட்டும் சின்னச் சின்னக் குழுக்களுக்குக் குளியலறையில் சல்லடைத் துணித் திரை கட்டி, அதனூடாக மை வழித்துச் சுவரொட்டி அடிக்கிறாள். ஒரு தாளுக்கு ஐந்து நிறம். நிலமெல்லாம் மை. அதைக் கழுவ எத்தனை வாளித் தண்ணீர் போகிறது என்று நான் எண்ணிச் சொன்னால் கோபம் வருகிறது அவளுக்கு. ஒன்றைத் தொலைபேசியில் அக்காவுக்குக் காட்டினாள். அக்கா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பதினொரு நிமிடம் பார்த்தாள். கடைசியில், “பச்சை இன்னும் வரேல்லை, பிள்ளை” என்றாள்.

போன மாதம் கண்டி வாவிக்கு மேலே ஒரு கோப்பிக் கடையின் மாடியில் அப்படி ஒரு குழுவின் கச்சேரி. முப்பத்தாறு படி. எனக்கு முழங்கால் வலி. பேத்தி விடவில்லை. மழையும் வந்தது. வாசலில் இருந்த பிள்ளை, “நீங்க டிசைனரோட அம்மப்பாதானே, உங்களுக்கு டிக்கட் வேணாம்” என்று சொன்னது. நான் இரண்டு கேட்டேன்.

“மத்தது யாருக்கு?”

“வெளியில ஒருத்தர் நிற்கிறார்” என்றேன்.

அந்தப் பிள்ளை எட்டிப் படிக்கட்டைப் பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு கிழித்துத் தந்தது. ஒன்று ஆயிரத்து ஐந்நூறு. இரண்டும் மூவாயிரம் ரூபாய்.