பன்னிரண்டு இடங்கள்

கொடைக்கானலுக்குள் நுழைந்ததுமே ஒரு வழிகாட்டி எங்கள் காரோடு கூடவே ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் குரங்குக் குல்லா, கையில் சுற்றுலாப் படங்கள் ஒட்டிய அட்டை.

“ஏரி, பைன் காடு, தூண் பாறை… பன்னெண்டு ஸ்பாட் சார், வெரசா காட்டிருவேன்” என்று மூச்சிரைக்க ஒப்பித்தார்.

கண்ணாடியை இறக்கினேன். “சுத்திப் பாக்க வரலண்ணே. பெரியப்பா இறந்துட்டாரு. அடக்கத்துக்குப் போறோம்.”

அப்போதும் அவர் நிற்கவில்லை. “கல்லறைக்கு வழி தெரியுமாங்க? அதையும் நானே காட்டுறேன். ஒரு வாரமா எனக்கு ஒரு வண்டிகூட நிக்கல சார்.”

ஏற்றிக்கொண்டோம். சரியாகவே வழி காட்டினார். குழியருகே அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார்.

“அவருக்கு ரொம்ப வேண்டியவங்களா நீங்க?” என்று பெரியம்மா கேட்டார்.

வழிகாட்டி என்னைப் பார்த்தார்.

“ஆமா பெரியம்மா” என்றேன் நான்.