கொழுப்புத் தடவிய போல்ட்டும் டுலாமின் சாவியும்

கோபிப் பாலைவன ஓரத்தில் எங்கள் மேய்ச்சல் நிலத்தில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பவள் டுலாம் ஒருத்திதான். கல்லிலும் ஆற்றிலும் ஓடிவரும் வண்டிகளில் எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத்தான் அவள் முதலில் தொட்டுப் பார்ப்பாள். பக்கத்துக் கூடாரத்துக்காரியான நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் குதிரை மேய்க்கும் ஒச்சிர் தன் வண்டியில் அவசரமாக வந்தார். அவருடைய குதிரைகள் மேற்கே வழிதவறிப் போய்விட்டன. சாயங்காலம் பனிப்புயல் வரும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள்.

"எஞ்சின் ஆடுது, தங்கச்சி. முறுக்கி விடு, கிளம்பறேன்."

டுலாம் போல்ட்டைக் கழற்றி மோந்து பார்த்தாள். "என்னண்ணே, ஆட்டுக்கொழுப்பு வாடை அடிக்குது?"

"துருப்பிடிக்கக் கூடாதுன்னு நாந்தான் தடவினேன்."

"வண்டிக்கு விருந்தே வெச்சிருக்கீங்க. அதான் வழுக்கிக் கழண்டு வருது. இப்படியே ஓட்டினா எஞ்சினே உடைஞ்சிடும்."

போல்ட்டின் திருகு மரையைப் பெட்ரோலில் கழுவித் துடைத்தாள். போல்ட் கழலாமல் பிடிக்கும் பசையைத் தடவி அளவாக முறுக்கினாள். ஒச்சிர் வண்டிமேல் ஏறப்போனார்.

"பசை இறுகணும்ணே. நாளைக்குத்தான்."

"நாளைக்கு என் குதிரைங்க விறைச்சுக் கிடக்கும்."

டுலாம் தன் வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அதை அவள் யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

பனி விழத் தொடங்கியபோது குதிரைகள் மேட்டிலிருந்து இறங்கின. பின்னால் ஒச்சிர் டுலாமின் வண்டியில் அவற்றை ஓட்டி வந்தார். டுலாம் வெளியே வந்து, எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அவருக்குத் தேநீர் சுடவைக்க உள்ளே போனாள்.